துணைக்கு ஆள்

சொட்டு மருந்து கண்ணில் விழுந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் தொண்டையில் கசப்பு இறங்கியது. கண்ணில் விட்டது தொண்டைக்கு எந்த வழியாக வருகிறது என்று யோசித்தபடி கோமதிநாயகம் கண்ணை மூடிக்கொண்டு பெஞ்சில் சாய்ந்தார். மூடிய இமைக்குள் எரிச்சல். எரிச்சலுக்குள் ஒரு மஞ்சள். பரோட்டாக் கல்லுக்குக் கீழே அடுப்பு பற்றிக்கொள்கிறபோது தெரிகிற அதே மஞ்சள். "கண்ண மூடியே வச்சிருங்க. நடுவுல தொறந்து தொறந்து பாத்தா மருந்து வெளிய வந்துரும்" என்று ஸ்டெல்லா சிஸ்டர் சொல்லிவிட்டு, போகிற போக்கில் கேட்டாள். "கூட வந்தவங்க எங்க?" "வந்துக்கிட்டு இருக்காவ, சிஸ்டர்." "ஆள் வந்தாத்தான் உள்ள அனுப்புவோம். ஊசி போட்டதும் ஒரு கண்ணைக் கட்டிருவோம், இன்னொரு கண்ணு மருந்துல மங்கிக் கெடக்கும். தனியா ரோட்டுக்கு விட முடியாது பாத்துக்கிடுங்க." "வந்துருவாவ." சொன்னபோது குரல் தழைந்துபோனது அவருக்கே கேட்டது. யாரோ பெரிய மனுஷியைச் சொல்வதுபோல வந்துருவாவ என்று சொல்லியிருக்கிறோம். கடையில் கூட வேலை செய்கிறவள், நேரில் அவளை அப்படிச் சொன்னதில்லை. ஏம்மா, இந்தா, அந்த அண்டாவ இப்படித் தள்ளு, இவ்வளவுதான் இத்தனை வருஷமாக. வந்துருவாவ. இன்னொரு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. இருவரும் ஒரே பஸ்ஸில் வந்தால் புளியங்குடியில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று அவர் முதல் பஸ்ஸில் வருவது, அவள் அடுத்த பஸ்ஸில் வருவது என்று பேசி வைத்திருந்தார்கள். பேசி வைத்தது என்றால் அவர் சொன்னார், அவள் தலையை ஆட்டினாள். ஆட்டினாளா? ஆட்டியது மாதிரிதான் தெரிந்தது. இப்போதெல்லாம் ஒரு தலை ஆடியதா ஆடவில்லையா என்பதைக்கூட உறுதியாகச் சொல்ல முடியவில்லையே.

துணைப் பேச்சை எடுத்த அன்றைக்கு அவள் பல்லாரி உரித்துக்கொண்டிருந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்து கடையின் பின்கட்டு அமைதியாக இருந்த நேரம். சாக்கை விரித்து உட்கார்ந்து, முறத்தில் தோலும் தட்டில் வெங்காயமுமாக, செண்பகக்கனி எப்போதும் உட்காருகிற இடம் அது. அவர் மைதாவைக் குவித்து நடுவில் குழி பறித்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். கை மாவில் இருக்கும்போதுதான் அவருக்குப் பேச்சு வரும். வெறுங்கையோடு நின்று அவளிடம் பேசியதாக நினைவே இல்லை. "கண்ணுல ஊசி போடணும்ங்காவ. துணைக்கு ஆள் கூட்டிட்டு வரணுமாம்" என்று மாவைப் பார்த்துச் சொன்னார். உரிக்கிற சத்தம் நிற்கவில்லை. தங்கச்சிகள் ரெண்டு பேரும் தூரத்தில் வாழ்க்கைப்பட்டுப் போனதும், ஒருத்தி மகளுக்குப் பேறுகாலம் என்பதும், முதலாளி அய்யாத்துரை கடையை விட்டு நகர முடியாது என்பதும் அவளுக்கும் தெரியும். அதையெல்லாம் அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். ஒரு ஆளைக் கேட்பதற்கு முன்னால் மற்ற எல்லா ஆளையும் கேட்டுப் பார்த்துவிட்டது மாதிரி. சொல்லி முடித்த பிறகும் கேட்கவில்லை. மாவைப் பிசைந்தார். உருட்டினார். மறுபடி பிசைந்தார். அப்போதுதான் அவள் கேட்டாள். "என்னைக்கு?" அவ்வளவுதான். நான் வாரேன் என்று சொல்லவில்லை. பாப்போம் என்று சொல்லவில்லை. என்னைக்கு. அந்த ஒரு சொல்லை அவர் இந்த நாட்களில் எத்தனை விதமாகத் திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டார். சும்மா விசாரிக்கிறவர்களும் என்னைக்கு என்றுதான் கேட்பார்கள். ஆனால் வர மனசில்லாதவர்கள் கேட்கமாட்டார்கள். வர மனசில்லாதவர்கள், ஐயோ பாவமே என்பார்கள். அதோடு முடிந்துபோகும். பிறகு இன்னொன்று. இதை யாரிடமும் சொல்ல முடியாது, சொன்னால் சிரிப்பார்கள். அவள் ஊரில் எல்லா ஆம்பளையையும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவாள். முதலாளி அண்ணாச்சி, பலசரக்குக் கடை அண்ணாச்சி, பால் ஊற்றுகிறவன் அவளைவிடச் சின்னவன், அவனும் அண்ணாச்சி. அவரை மட்டும் மாஸ்டர். கல்லுக்கு முன்னால் நிற்கிறவனை எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள், அதில் என்ன இருக்கிறது என்று ஒரு மனசு சொல்லும். இன்னொரு மனசு, அவருக்கு முன்னால் இருந்த பாண்டி மாஸ்டரை அவள் அண்ணாச்சி என்றுதானே கூப்பிட்டாள் என்று எடுத்துக் கொடுக்கும். இந்த இரண்டாவது மனசு எப்போதும் சாயங்காலக் கூட்டம் சேருவதற்கு முன்னால், கல் சூடேறுகிற நேரமாகப் பார்த்துத்தான் பேசும்.

கல் சூடேறியதைப் பார்க்கக் கண் தேவையில்லை. தண்ணீரைத் தெளித்தால் சத்தமே சொல்லிவிடும். மாவு பதமாகிவிட்டதா என்பது உள்ளங்கைக்குத் தெரியும். வீச்சுப் பரோட்டாவுக்கு எடுத்து விசிறும்போது அது எவ்வளவு மெல்லிசாகப் போயிருக்கிறது என்பது விரல் நுனிக்குத் தெரியும். இப்படி ஒவ்வொரு வேலையையும் கண்ணிடமிருந்து பிடுங்கிக் கையிடம் கொடுத்துக்கொண்டே வந்ததால்தான் இவ்வளவு நாள் யாருக்கும் தெரியாமல் ஓட்ட முடிந்தது. முதலில் வந்தது முடி. கண்ணுக்கு முன்னால் ஒரு முடி மிதந்தது. சால்னாவில் முடி கிடக்கிறது என்று ஒரு கிண்ணத்தையே கொட்டினார், அடுத்த கிண்ணத்திலும் அதே முடி. பிறகு இடது கண்ணில் நட்டநடுவில் ஒரு கறை, விரலை எண்ணெயில் தோய்த்துக் கண்ணாடியில் வைத்தது போல. எதைப் பார்க்கிறோமோ அதன்மேலேயே அந்தக் கறை போய் உட்கார்ந்துகொள்ளும். மனுஷனைப் பார்த்தால் காது தெரியும், தோள் தெரியும், தலைக்கு மேலே தொங்குகிற காலண்டர் தெரியும், முகம் இருக்கவேண்டிய இடத்தில் முகம் இருக்காது. வலது கண் கொஞ்சம் தாங்கிக்கொண்டிருந்தது. அதிலும் இப்போது ஓரமாக ஆரம்பித்திருக்கிறது. முட்டையை உடைத்துக் கல்லுக்கு வெளியே ஊற்றிய அன்றைக்கு முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் பயமாக இருந்தது. ஆனால் அந்தப் பயத்தைவிட, இதையும் யாரிடம் சொல்வது, கறை வந்தபிறகு அவருக்கு வேறொரு ஏக்கம் பிடித்துக்கொண்டது. இத்தனை வருஷத்தில் செண்பகக்கனியின் முகத்தை அவர் நேராகப் பார்த்ததே இல்லை. புருஷன் இல்லாதவள், மகன் திருப்பூரில், அவளை உற்றுப் பார்த்தான் என்று ஒரு பேச்சு வரக்கூடாது என்று, அவள் நிமிர்ந்தால் அவர் குனிந்துகொள்வார். அவள் வேறு பக்கம் பார்க்கும்போது கடைக்கண்ணால் ஒரு பார்வை, மூக்குத்தி இருந்த துளை, காதோரம் நரைத்த கொஞ்சம் மயிர், அதற்குள் அவள் திரும்பிவிடுவாள். பார்த்துக்கொள்ளலாம், எங்கே போகப்போகிறாள், எங்கே போகப்போகிறோம் என்று இருந்துவிட்டார். சேர்த்து வைத்துக்கொண்டே வந்தார். இப்போது துணிந்து ஒரு நாள் நேராகப் பார்த்தபோது முகம் அங்கே இல்லை, கறை இருந்தது. தலையை ஒருச்சாய்த்து, பார்வையை அவளுக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர்த் தொட்டியின் மேல் வைத்தால்தான் அவள் கொஞ்சம் தெரிந்தாள். பழையபடி ஓரத்தில்தான்.

"தொறங்க. இன்னொரு சொட்டு." குளிர்ச்சியாக விழுந்து, பிறகு எரிந்தது. சிஸ்டரின் விரல் இமையைப் பிடித்திருந்தபோது அம்மாவின் விரல் நினைவுக்கு வந்தது. அம்மாவுக்கும் சுகர்தான். கால் புண் ஆறாதபோது அது சுகர் என்று கண்டுபிடித்தார்கள். கண் போனபோது அது வயசு என்று சொல்லிவிட்டார்கள். யாரும் அவள் கண்ணுக்குள் எட்டிப் பார்க்கவில்லை. எங்கே போய்ப் பார்ப்பது, எந்த பஸ், எந்த ஊர், எந்த வார்டு என்று இவருக்கும் தெரியவில்லை. நட்ட நடுப் பகலில் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு "ஏய்யா, வெளக்குப் போட்டாச்சா" என்று கேட்பாள். முதலில் சில நாள் இன்னும் நேரமாகலம்மா என்று சொன்னார். பிறகு, போட்டாச்சும்மா என்று சொல்லப் பழகிவிட்டார். கடைக்குக் கிளம்பும்போது முகத்தைக் கொடுக்கச் சொல்லி விரலால் நெற்றி, புருவம், கன்னம் என்று தடவிப் பார்ப்பாள். "சவரம் பண்ணலையா" என்பாள். பொட்டைக்கண்ணு மாமியார் இருக்கிற வீட்டுக்கு, ராத்திரி வேலைக்குப் போகிறவனுக்கு, யார் பெண் கொடுப்பார்கள். கேட்டுப் போன இடத்தில் எல்லாம் காபி கொடுத்து அனுப்பினார்கள். அம்மா போன பிறகு கேட்டுப் போக ஆள் இல்லை. அவருக்குச் சுகர் என்று தெரிந்து ஹெல்த் சென்டரில் மாசாமாசம் மாத்திரை வாங்கத் தொடங்கியபோதே, கண்ணைப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிரணும் என்று சொல்லத்தான் செய்தார்கள். மாத்திரைச் சீட்டின் ஓரத்தில் எழுதிக்கூடக் கொடுத்தார்கள். ஒரு நாள் போனார். விடியற்காலை கிளம்பி, ரெண்டு பஸ் மாறி, கட்டடம் கட்டடமாகக் கேட்டு, வரிசையில் நின்று, கடைசியில் கவுண்டரில் கேட்ட ஒரே கேள்வி, துணைக்கு யாரு வந்திருக்கா? அவர் திரும்பிப் பார்த்தார். அதுதான் இப்போது நினைத்தாலும் கூசுகிறது. யாரோ பின்னால் நிற்கிறது மாதிரி திரும்பிப் பார்த்தார். பின்னால் நின்ற ஆள் தன்னைப் பார்க்கிறாரோ என்று ஒதுங்கிக்கொண்டார். ஆள் கூட்டிட்டு இன்னொரு நாள் வாங்க என்றார்கள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சாயங்காலம் வந்து வழக்கம்போல மாவு பிசைந்தார். இன்னொரு நாள் என்பது வரவே இல்லை.

இந்த வருஷம்தான் ஹெல்த் சென்டருக்கே ஒரு காமிரா வந்தது. மாத்திரைக்கு உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, இருட்டு அறையில் முகவாயை ஒரு தட்டில் வைக்கச் சொல்லி, பளிச் என்று ஒரு வெளிச்சம். படம் எடுத்த பெண் அதைத் திருப்பிக் காட்டினாள். ஆரஞ்சு நிறத்தில் ஒரு நிலா, அதன்மேல் எண்ணெய் தெறித்த மாதிரி சிவப்புச் சிவப்பாய்ப் புள்ளி. "இது உங்க கண்ணோட உள்பக்கம், மாமா. ரத்தக் குழாய் கசியுது." படம் எங்கேயோ இருக்கிற டாக்டருக்குப் போனது. ரெண்டு நாளில் போன் வந்தது. பெரிய ஊருக்குப் போகவேண்டாம், பக்கத்து ஆஸ்பத்திரிக்கு வாரத்தில் ஒரு நாள் டாக்டர் வருகிறார், ஒரே பஸ், ஊசி அங்கேயே போட்டுவிடலாம் என்றார்கள். எல்லாம் பக்கத்தில் வந்துவிட்டது. காமிரா வந்துவிட்டது, டாக்டர் வந்துவிட்டார், ஊசி வந்துவிட்டது. துணைக்கு ஆள் மட்டும் அவரேதான் கொண்டுவரவேண்டும். அதை யாரும் அனுப்பிவைக்க மாட்டார்கள். அம்மாவுக்கு இப்படி ஒரு நிலாப் படம் எடுத்திருந்தால் அவளும் மகன் சவரம் பண்ணாததைக் கண்ணாலேயே பார்த்துத் திட்டியிருப்பாள்.

கண்ணை இப்போது திறக்கலாம் என்றார்கள். திறந்தார். உலகம் முழுக்கத் தண்ணீர் ஊற்றிய மாதிரி இருந்தது. எதிரே சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தில் எழுத்து இல்லை, வெள்ளை இருந்தது. ட்யூப்லைட்டைச் சுற்றி முள் முள்ளாக வெளிச்சம். வாசலைத்தான் பார்க்கவே முடியவில்லை. வெயில் முழுவதும் அங்கே வந்து குவிந்து, கதவே இல்லாமல் வெறும் வெள்ளையாய் எரிந்தது. அந்த வெள்ளைக்குள்ளிருந்துதான் ஆட்கள் வந்தார்கள். ஒரு கறுப்பு நிழல் வரும், சேலையாக மாறும், நடை வரும், அதற்குள் அவருக்கு நெஞ்சு ஒரு தரம் எழும்பி அடங்கும், பிறகு அது வேறு யாரோவாக மாறிப் பக்கத்து பெஞ்சுக்குப் போய்விடும். பக்கத்து பெஞ்சில் ஒரு பெரியவருக்கு மகள், மருமகள், பேரன் என்று ஒரு வீடே வந்திருந்தது. யாரோ இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து அவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் வேண்டாம் வேண்டாம் என்று சலித்துக்கொள்வது கோமதிநாயகத்துக்குக் கேட்டது. சலித்துக்கொள்ள ஒரு கொடுப்பினை வேண்டும். அடுத்த பஸ் வந்திருக்கவேண்டும். வந்திருக்குமா. வந்தும் அவள் அதில் இல்லாமல் இருக்கலாம். மகனுக்கு போன் பண்ணிச் சொல்லியிருப்பாள், அவன் என்ன ஏது என்று கேட்டிருப்பான், அந்த ஆளுக்கும் ஒனக்கும் என்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், அவள் பஸ் ஸ்டாண்டிலிருந்தே திரும்பிப் போயிருப்பாள். அவன் கேட்பதும் நியாயம்தானே. என்ன என்று கேட்டால் என்ன சொல்வது. பின்கட்டில் ஒரு மூலையில் அவள் பல்லாரி உரிப்பாள், நான் மாவு பிசைவேன். பொழுது சாய்ந்ததும் அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவாள். அவள் போன பிறகும் அந்த மூலையில் கொஞ்ச நேரம் வெங்காய வாசம் இருக்கும். எனக்கு அது போதும் என்று இருந்தது. இப்போது போதவில்லை. இதை எந்த மகனிடம் சொல்ல முடியும். இன்னொரு நிழல் வந்தது. கனமாக, சாய்ந்து சாய்ந்து. இல்லை. அவளுடைய நடை வேறு, செருப்பைத் தேய்க்கிற நடை. இன்னொன்று. நீலச் சேலை. அவளிடம் நீலச் சேலை உண்டா. யோசித்துப் பார்த்தால் அவள் கட்டிய எந்தச் சேலையின் நிறமும் நினைவில் இல்லை. அதையும் பார்க்காமலே இருந்திருக்கிறோம். சிஸ்டர் தூரத்தில் யாரையோ கூப்பிட்டாள். இன்னும் ஒருத்தருக்குப் பிறகு நீங்க என்று அவரிடம் சொன்னாள். ஆள் வராவிட்டால் என்று ஆரம்பித்தவள் முடிக்காமல் போய்விட்டாள். அவர் மறுபடியும் வாசல் வெள்ளையைப் பார்த்தார். கண் கரித்து நீர் விட்டது. மருந்தால்தான்.

"எங்கெல்லாம் தேடுதது. மேல மாடி வரைக்கும் போயிப் பாத்துட்டேன்." குரல் இடது பக்கம், மிக அருகில் இருந்து வந்தது. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அவள் வேறு வழியாக வருவாள் என்று தோன்றவே இல்லை. திரும்பினார். நிறமும் நிழலுமாக ஒரு உருவம் மூச்சு வாங்கியது. கையில் ஒரு பை. வெங்காய வாசம் இல்லை, பவுடர் வாசம் இருந்தது. கை கழுவிப் பவுடர் போட்டு வந்திருக்கிறாள் என்பது அவருக்கு உறைக்க ஒரு நிமிஷம் ஆனது. "பஸ்ஸு கூட்டம். நின்னுக்கிட்டே வந்தேன்" என்று சொல்லிவிட்டு, பெஞ்சில் ஒரு ஆள் உட்காருகிற இடம் விட்டு உட்கார்ந்தாள். "சாப்பிட்டியளா?" "ஊசிக்கு முன்னால லேசா சாப்பிடலாம்னாவ. இட்லி தின்னேன்." "மாத்திரை?" "போட்டேன்." கையில் மாவு இல்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். அதற்குள் ஸ்டெல்லா சிஸ்டர் வந்துவிட்டாள். "வந்துட்டீங்களா. இங்க ஒரு கையெழுத்துப் போடணும். இவரு உங்களுக்கு என்ன வேணும்?" மின்விசிறி கடகடவென்று சுற்றியது. இந்தக் கேள்வி வரும் என்று அவருக்குத் தெரியும். வழியெல்லாம் அதற்கு அவளுக்காக ஒவ்வொரு பதிலாகத் தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தார். தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம், பக்கத்து வீடு என்று சொல்லலாம், அண்ணன் என்றுகூடச் சொல்லட்டும், கையெழுத்துக்கு அதுதான் வசதி, சொன்னால் என்ன, ஒரு காகிதத்தில் எழுதினால் ஆகிவிடுமா. ஆகிவிடும் என்று உள்ளே ஏதோ சொன்னது. அவர் தரையைப் பார்த்தார். தரையும் தெரியவில்லை. "எங்க மாஸ்டரு" என்றாள் செண்பகக்கனி. சிஸ்டர் புரியாமல், "மாஸ்டர்னா? வாத்தியாரா?" என்று கேட்டாள். "பரோட்டா மாஸ்டரு. எங்க கடை." "சொந்தக்காரங்க இல்லையா?" "கூட வந்திருக்கேன்ல. வீட்டுல கொண்டு சேக்குதது என் பொறுப்பு. போதாதா?" சத்தம் போட்டுச் சொல்லவில்லை. உரித்த வெங்காயத்தைத் தட்டில் போடுவது மாதிரி ஒவ்வொரு சொல்லாகப் போட்டாள். "போதும்க்கா. யாராவது ஒருத்தர் இருந்தாப் போதும்" என்று சிஸ்டர் சிரித்தாள். பேனா காகிதத்தில் மெதுவாக ஊர்கிற சத்தம் கேட்டது. அவள் எழுத்துக் கூட்டித்தான் எழுதுவாள். எங்க. எங்க கடை என்றாள், அதில் வருகிற எங்க. எங்க மாஸ்டரு என்றாள், அதிலும் அதே எங்கதான். ரெண்டும் ஒன்றா. முதல் மனசு ஒன்றுதான் என்றது. இரண்டாவது மனசு ஒன்றும் சொல்லாமல் அந்தச் சொல்லை வாங்கி மடியில் கட்டிக்கொண்டது. பெயர் கூப்பிட்டார்கள். எழுந்து எந்தப் பக்கம் என்று தடுமாறியபோது முழங்கைக்குக் கீழே ஒரு கை வந்து பிடித்தது. தண்ணீரிலும் வெங்காயத்திலும் ஊறி ஊறிச் சொரசொரத்த கை. கதவு வரைக்கும்தான். அந்தக் கொஞ்ச தூரம் தரை சமமாக இருந்தும் அவர் மெதுவாக நடந்தார்.

உள்ளே குளிராக இருந்தது. அங்கேயும் முறை வர அரை மணிக்கு மேல் ஆனது. படுக்கவைத்து, முகத்தை மூடி, ஒரு கண்ணுக்கு மட்டும் ஓட்டை விட்ட துணியைப் போட்டார்கள். மரத்துப்போக மருந்து விட்டார்கள். "பயப்படாதீங்கப்பா. தலைய மட்டும் அசைக்காதீங்க" என்று ஒரு பெண் டாக்டரின் குரல். பயமாகத்தான் இருந்தது. "டாக்டரம்மா, கண்ணு தெரிஞ்சிருமா?" என்று துணிக்குள்ளிருந்து கேட்டார். "போனதெல்லாம் திரும்பி வரும்னு சொல்லமாட்டேன். வீக்கம் வத்தினா கொஞ்சம் தெளியும். மாசாமாசம் சில ஊசி போடணும். சுகரக் கட்டுக்குள்ள வைக்கணும். இருக்கறதக் காப்பாத்திரலாம்." இருக்கிறதை. என்ன இருக்கிறது என்று நினைத்துப் பார்த்தார். ஓரம் இருக்கிறது. ஓரத்தில் காதோர நரை இருக்கிறது. கொஞ்சம் தெளிந்தால், ஒரு முகத்தின் நடுப்பகுதி மட்டும் தெளிந்தால் போதும், எழுத்துப் படிக்க வேண்டாம், பஸ் போர்டு வேண்டாம், முட்டை கல்லுக்கு வெளியே விழுந்தாலும் விழட்டும். இல்லை, அது விழக்கூடாது, வேலையும் வேண்டும், வேலை இருந்தால்தான் மத்தியானம் இருக்கும். "மேல பாருங்க. அப்படியே." ஒரு அமுக்கல். விரலால் கண்ணை அழுத்தினது போல, அவ்வளவுதான். தண்ணீரில் மை விட்டது மாதிரி கண்ணுக்குள் ஏதோ சுருள் சுருளாய் இறங்கி, அலைந்து, கலைந்தது. அழகாக இருந்தது. அம்மாவிடம் சொல்லவேண்டும் என்று தோன்றி, பிறகு அம்மா இல்லை என்பது தெரிந்தது.

இடது கண்ணில் கட்டோடு வெளியே வந்தபோது கதவருகில் யாரும் வந்து கையைப் பிடிக்கவில்லை. சிஸ்டர்தான் கொண்டுவந்து உட்காரவைத்தாள். "எங்க அவங்க?" என்று கேட்டார். "இங்கதான், பக்கத்துலதான் இருக்காங்க." பக்கத்தில் ஒரு உருவம் அசையாமல் இருந்தது. கண்ணை மூடியிருக்கிறாள் என்பது கொஞ்சம் பொறுத்துத்தான் புரிந்தது. "கனி?" பேரைச் சொல்லிக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. அவள் அதைக் கவனித்தாளா என்று தெரியவில்லை. "கூட வந்தவங்களுக்கும் பாக்கோம்னு விரல்ல குத்துனாவ" என்றாள். குரல் இறங்கிக் கிடந்தது. "வேண்டாம்னுதான் சொன்னேன். எனக்கு என்ன, காய்ச்சல்னு ஒரு நாள் படுத்தவளா. குத்திப் பாத்தா எனக்கும் இருக்காம். ரொம்ப நாளாவே இருந்திருக்கும்ங்காவ. அப்புறம் கண்ணுலயும் மருந்த ஊத்தி போட்டோ எடுத்தாவ." அவருக்குக் கேட்டதும் முதலில் வந்தது சந்தோஷம். இனி மாத்திரைக்கு இருவரும் ஒரே நாளில் போகலாம், ஒரே வரிசையில் நிற்கலாம் என்று ஒரு துள்ளல். அடுத்த நொடியே அது என்ன சந்தோஷம் என்று உடம்பே கூசியது. அம்மாவிடம் நடுப்பகலில் விளக்குப் போட்டாச்சு என்று சொன்னவனா இதை நினைக்கிறான். "கண்ணு? கண்ணுக்கு என்ன சொன்னாவ?" என்று கேட்டார். "கண்ணு இப்ப நல்லாருக்காம். வருஷத்துக்கு ஒரு தடவ பாத்துக்கிட்டே இருக்கணுமாம். விட்டுட்டா..." என்று நிறுத்தினாள். விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பது பக்கத்தில் கட்டோடு உட்கார்ந்திருந்தது. "விடமாட்டோம்" என்றார் கோமதிநாயகம். மாட்டேன் என்று சொல்லியிருக்கவேண்டும், அல்லது விட்டுராத என்று. வாயில் வந்தது அப்படி வந்துவிட்டது. அவள் முந்தானையால் கண்ணோரத்தில் வழிந்த மருந்தைத் துடைத்துக்கொண்டாள். "என் மகங்கிட்ட நான்தான் சொல்லணும். நேத்து ஒங்களுக்காக வாரேன்னு சொன்னதுக்கு ஒண்ணும் சொல்லல. போயிட்டு வாம்மான்னான். இதைச் சொன்னாத்தான் அழுவான்" என்றாள்.

மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது வெயில் முகத்தில் அறைந்தது. ரெண்டு பேரும் ஒரே சமயத்தில் கையைத் தூக்கிக் கண்ணை மறைத்தார்கள். வாசல்படி எங்கே முடிகிறது என்று அவளுக்கும் தெரியவில்லை. அவள் காலால் துழாவி, "இந்தா, இங்க ஒரு படி" என்றாள். அவர் இறங்கி, "இன்னொண்ணு இருக்கு" என்றார். அதில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. "நல்ல துணை. வீட்டுல கொண்டு சேக்குதேன்னு வீராப்பா கையெழுத்துப் போட்டேன். எனக்கே எதுத்தாப்புல நிக்கது மாடா மனுஷனான்னு தெரியல" என்று சிரித்தாள். அவள் சிரித்து அவர் கேட்டிருக்கிறார், கடையில் பொம்பளைகளோடு பேசும்போது. அவரோடு பேசிச் சிரித்தது இல்லை. ஆஸ்பத்திரிக்கு எதிரே பஸ் நிற்கிற இடத்தில் ஒரு புங்கை மரமும் அதன் அடியில் சிமிண்டு பெஞ்சும் இருந்தன. நிழல் இருட்டாகத் தெரிந்ததை வைத்து அதைக் கண்டுபிடித்து உட்கார்ந்தார்கள். நடுவில் அவள் பையை வைத்தாள். பிறகு பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தவள் பையை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டாள். ஒரு பஸ் வந்து நின்றது. முன்னால் எழுதியிருந்தது ரெண்டு பேருக்கும் வெறும் மஞ்சள் பூச்சாகத் தெரிந்தது. ஏறுகிறவர்கள் ஏறினார்கள், கண்டக்டர் விசிலடித்தார், போய்விட்டது. "நம்ம ஊரு பஸ்ஸா இருக்குமோ?" என்றாள். "இருக்கலாம்." "கண்ணு எப்ப தெளியுமாம்?" "சாயங்காலம் ஆகும்னாவ." "ஆகட்டும். கடைக்குத்தான் லீவு சொல்லியாச்சே." அவர் தலையைத் திருப்பி, வலது கண்ணை அவள் பக்கம் நேராக வைத்தார். வெயிலும் நிழலுமாக, கரைந்து, ஓரங்கள் இல்லாமல் ஒரு முகம் இருந்தது. மூக்கு எது, வாய் எது என்று பிரியவில்லை. ஆனாலும் அது அவரைப் பார்த்துத்தான் திரும்பியிருந்தது. அவர் குனிந்துகொள்ளவில்லை. இன்னொரு பஸ் வந்தது, அதற்குப் பின்னால் ஒன்று. சுற்றிலும் எவ்வளவோ பேர் நின்றுகொண்டிருந்தார்கள். இது எந்த ஊர் போகிறது என்று யாரையாவது கேட்டிருக்கலாம். ரெண்டு பேரும் கேட்கவில்லை.